டிசம்பரைத் தாங்குமா உங்கள் தொழில்?

திருகோணமலையில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. "நட்டம்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. "நல்லாத்தான் ஓடுது, ஆனா கையில காசில்லை" என்று வருபவர்கள்தான் கூட. அனேகமாக எல்லோருமே அதற்கு முந்தைய ஜூலை, ஆகஸ்டில் தொழிலைப் பெருப்பித்தவர்கள்.

அந்த மாதங்களில் அப்படித்தான் மனம் போகும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் அறை தேடி உல்லாசப் பயணிகள் அலைவார்கள். ஓட்டோக்காரர் முதல் உடுப்புத் தைப்பவர் வரை எல்லோருக்கும் வேலை இருக்கும். மாதக் கட்டணத்துக்கு வாகனம் தருகிற லீசிங் கம்பனிக்காரரும் அப்போதுதான் கடை வாசலில் வந்து நிற்பார். ஆகஸ்ட் விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தால் எதையும் வாங்கலாம் போல இருக்கும். நவம்பரில் மாரி பிடித்து, கடல் குழம்பி, புறாத்தீவுக்குப் படகு போகாத நாட்கள் வரும்போது அந்தப் பெருக்கல் பிழைத்துவிடும்.

ஆகவே பெருப்பிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் ஆகஸ்ட் கொப்பியைக் கேட்பதில்லை. போன டிசம்பர், ஜனவரிக் கொப்பியைத்தான் கேட்பேன். அந்த மாதங்களில் வாடகை, சம்பளம், கரண்ட் பில், வீட்டுச் செலவு எல்லாம் எங்கிருந்து போயின? சீசனில் ஒதுக்கிய காசிலிருந்து போயிருந்தால் மேலே பேசலாம். அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் போயிருந்தால், இப்போது இருக்கிற அளவையே தொழில் இன்னும் தாங்கவில்லை.

உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்கிற ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். (ஆள் தெரியாமல் இருக்கத் தொகைகளை மாற்றியிருக்கிறேன்.) இடியப்பம், சம்பல், சொதி. நாளுக்கு எண்பது பார்சல் போகும். வாரக் கடைசியில் காசு கைக்கு வந்துவிடும். ஒரு பெரிய ஹோட்டல் தன் ஊழியர்களுக்காக நாளுக்கு நூறு பார்சல் கேட்டது. "தம்பி, இப்பிடி ஓடர் திரும்ப வராது, விட மனமில்லை" என்றார். பார்சல் 350 ரூபா, அவருக்கு அடக்கச் செலவு 280. நாளுக்கு 7,000 ரூபா இலாபம். யாருக்குத்தான் விட மனம் வரும்?

ஹோட்டல் அனுப்பிய தாளை வாங்கிப் பார்த்தேன். மாத முடிவில் ஒரே பில். பில் கொடுத்து 45 நாளில் செக். அக்கா 45 நாள் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் முதலாம் திகதி கொடுத்த பார்சலுக்குக் காசு வருவது 75ஆம் நாள். அதுவரை நாளுக்கு 28,000 ரூபா அவர் கைக்காசு. மொத்தம் 21 இலட்சம். மாவுக்கும் தேங்காய்க்கும் காஸ் சிலிண்டருக்கும் அவருக்கு யாரும் 75 நாள் கடன் தருவதில்லை. தேங்காய்க்காரர் அன்றைக்கே காசு கேட்பார். கொப்பியில் ஐந்து இலட்சத்துக்கு மேல் இலாபம் தெரிகிற அதே நாளில், கையில் 21 இலட்சம் பள்ளம். இலாபம் வருகிற தொழில் படுப்பது இந்தப் பள்ளத்தில்தான்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. நாற்பது பார்சல் மட்டும், வாரா வாரம் பில், அடுத்த வாரம் காசு என்று கேட்கச் சொன்னேன். அப்படியானால் உள்ளே மாட்டுவது அதிகம் போனால் இரண்டு வாரச் செலவு, 1 இலட்சத்து 57 ஆயிரம் அளவில். அது அவரால் ஏலும். ஹோட்டல்காரர் ஒரு வாரம் இழுத்துவிட்டுச் சம்மதித்தார். பெரிய இடங்கள் பேரம் பேசாது என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம். கேட்டால் பல நேரம் இறங்கி வருவார்கள். இன்னொன்று, மொத்த வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் போகக்கூடாது என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு. அந்த ஒருவர் கையை விரித்தால் மற்ற இரண்டு பங்கு உங்களைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

லீசிங்குக்கு வருவோம். மாதம் 48,000 ரூபா கட்டணத்தில் சின்ன லொறி ஒன்று எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை உழைப்பு. மிச்ச ஐந்து மாதமும் கட்டணம் நிற்காது. அந்த ஐந்து மாதத்துக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். அதைச் சீசனின் ஏழு மாதத்தில் ஒதுக்கினால் மாதம் 34,000 சொச்சம். அப்போது சீசனில் லொறியின் உண்மையான கட்டணம் 82,000 ரூபா. இந்த 82,000த்தை லொறி உழைத்துத் தருமா என்றுதான் கேட்க வேண்டும். 48,000த்தை வைத்துக் கணக்குப் பார்த்தவர்களின் வாகனம்தான் பெப்ரவரியில் கம்பனி முற்றத்தில் நிற்கிறது.

ஆள் எடுக்கும்போதும் சம்பளத்தோடு கணக்கு முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். 40,000 சம்பளம் என்றால் உங்களுக்குச் செலவு 46,000. ஒரே ஓர் ஆளை வைத்திருந்தாலும் இது உண்டு. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் ஏறும். பதினைந்து பேருக்கு வந்துவிட்டால், ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது பணிக்கொடையும் சட்டப்படி கொடுக்க வேண்டும். வற் வரியிலும் அப்படி ஒரு படி இருக்கிறது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது, கட்டாயப் பதிவுக்கான வருட விற்பனை வரம்பு 8 கோடியிலிருந்து 6 கோடியாக இறங்கியது. இந்த வரம்புகள் மாறக்கூடியவை. வருடா வருடம் பட்ஜட் வரும்போது ஒருக்கால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

"எல்லாத்துக்கும் பயந்தா தொழில் செய்யேலாது" என்று இளம் பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சரி, ஆனால் அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, சீசன் தொடங்குகிற ஏப்ரலிலேயே. 2020இல் கொரோனா ஊரடங்கு. 2022இல் பெற்றோல் வரிசை. அதே வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. ஓ.டி. (வங்கி மேலதிகப்பற்று) எடுத்து அறை கட்டிக்கொண்டிருந்தவர்கள் தூண் மட்டத்திலேயே நிறுத்தினார்கள். கடனில்லாமல் நாலு அறை வைத்திருந்தவர் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார், அவ்வளவுதான்.

நகையைப் பற்றியும் கேட்பார்கள். ஓடர் கையில் இருந்து, காசு வரும் திகதியும் தெரிந்து, ஒரு மாதத்துக்குச் சாமான் வாங்க அடகு வைப்பதை நான் தடுப்பதில்லை. கட்டடம் கட்ட அடகு வைப்பதைத் தடுப்பேன். கட்டடம் காசைத் திருப்பித் தர வருடக்கணக்காகும். வட்டி அதுவரை காத்திருக்காது. சீட்டுக் காசும் அப்படித்தான். எடுத்த சீட்டுக்கு மிச்ச மாதமெல்லாம் கட்ட வேண்டியது மாரியிலும் வரும்.

பெருப்பிக்க நினைப்பவர்கள் முதலில் வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரியுங்கள். கல்லாவிலிருந்து பிள்ளையின் டியூஷன் காசை எடுப்பது கொப்பியில் எங்கேயும் விழாது. உங்களுக்கென்று மாதம் ஒரு சம்பளம் வையுங்கள், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஒன்று திறவுங்கள். பிறகு ஒரு மாரி முழுவதும் கடன் வாங்காமல் கடந்து பாருங்கள். ஏப்ரலில் அந்தக் கணக்கின் ஸ்டேற்மன்டோடு வந்தால், இரண்டாவது ஸ்டீமர் வாங்கலாமா, ஐந்தாவது அறை கட்டலாமா என்று ஒன்றாக இருந்து பார்ப்போம்.