மைக்கோரைசா: வேர்ப்பூஞ்சையா, பூஞ்சைவேரா?

கோலாலம்பூர்ப் பக்கம் செடிக்கடைகளில் 'மிக்கோரிசா' என்று மலாயில் எழுதிய பொட்டலம் கிடைக்கும். தமிழ்ப் பாடநூல்கள் மைக்கோரைசா என்பதும் இதைத்தான்: செடியின் வேரும் பூஞ்சையும் கூடி வாழும் கூட்டு.

கிரேக்கத்தில் 'மைக்கேஸ்' பூஞ்சை, 'ரைசா' வேர். 1885-இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். அவருக்குத் தரப்பட்ட வேலை என்னவோ மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானைப் பயிரிட வழி தேடுவது! மண்ணைக் கிளறியவர், மரத்தின் வேர்நுனிகளைப் பூஞ்சை போர்த்தியிருந்தும் மரம் செழிப்பாக நிற்பதைக் கண்டார். இது நோயில்லை, கூட்டுவாழ்வு என்றார்.

தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. வேர்ப்பூஞ்சை, வேர்ப்பூசணம், வேர் உட்பூசணம். இவற்றில் கடைசிப் பெயர் வேரின் உயிரணுக்குள்ளேயே நுழையும் வகைக்கு மட்டும் பொருந்தும். ரப்பர், செம்பனை, டுரியானுக்கு அந்த வகை. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் ஓங்கி நிற்கும் மெராந்தி இன மரங்களுக்கோ வேரை வெளியே உறைபோல மூடும் வகை. அதை உட்பூசணம் என்றால் தப்பு.

சரி, பொதுப்பெயர் எது? தமிழ்த் தொகைச்சொல்லில் பெரும்பாலும் பின்னால் வருவதே தலை. வேர்ப்பூஞ்சை என்றால் ஒரு பூஞ்சை. பூஞ்சைவேர் என்றால் ஒரு வேர். ஃபிராங்க் பெயரிட்டது இரண்டும் சேர்ந்த உறுப்புக்கு. ஆகவே அதற்குப் 'பூஞ்சைவேர்'தான் நெருக்கம். பொட்டலத்தில் இருப்பதை வேர்ப்பூஞ்சை என்றே சொல்லலாம், அது பூஞ்சையின் வித்துதானே. ஒரு சங்கடம்: ரப்பர் தோட்டத்தில் வெள்ளை வேர்நோயைப் பார்த்தவர்களுக்கு 'வேர்', 'பூஞ்சை' என்ற இரண்டும் சேர்ந்து காதில் விழுந்தாலே மரம் போச்சு என்றுதான் தோன்றும். அவர்களிடம் 'நன்மைசெய் வேர்ப்பூஞ்சை' என்று விரித்துச் சொல்வது நல்லது.

நன்மை என்ன? மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் அதிகம் நகராது. வேரைச் சுற்றியுள்ளது தீர்ந்ததும் கன்று திணறும். பூஞ்சை இழைகள் அதையும் தாண்டிப் போய்ச் சத்தையும் நீரையும் கொண்டுவரும். கூலியாக மரம் சர்க்கரை தரும். இந்தக் கூட்டாளி இல்லாத மண்ணில் வெளியூர்ப் பைன் கன்றுகள் மஞ்சளித்து நின்று, பழைய பைன் தோப்பின் மண்ணைக் கலந்தபின் தேறியது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

பொட்டலம் வாங்கினால் மேலே தூவாதீர்கள், வேரில் படும்படி குழியில் போடுங்கள். மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் வேர் பூஞ்சையைக் கிட்ட சேர்க்காது. பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் என்ன ஆகும் என்று அந்த மருந்தின் பெயரே சொல்கிறது.