டர்போவை மெல்லிய குழாயில் தொங்கவிடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெமட்டகொடையில் உள்ள என் கராஜ் வாசலில் ஒரு ரிகவரி லொறி வந்து நின்றது. அதன் மேலே சிவப்பு நிற டொயோட்டா செலிகா ஜி.டி. ஃபோர், 1991ஆம் ஆண்டு வண்டி. பொனட்டின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கருகியிருந்தது. இறங்கி வந்த தம்பிக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. வெறுமையான தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அது அவருடையதுகூட அல்ல, பின்னால் வந்த வேன் சாரதி ஓடிவந்து கொடுத்தது. காலியிலிருந்து தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் வந்து, கொட்டாவையில் இறங்கிச் சிறிது தூரம் போனதும் எண்ணெய் கருகும் வாடை வந்திருக்கிறது. அடுத்த நிமிடம் பொனட் இடுக்கில் புகை, பிறகு தீ. பக்கத்து இருக்கையில் அவருடைய அம்மா இருந்திருக்கிறார்.

"அண்ணே, ஹெடர் போட்டு ஆறு வாரம்தான் ஆகிறது" என்றார். டர்போ என்பது இன்ஜினின் புகையால் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அந்தப் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகத் தொழிற்சாலை வைப்பது மேனிபோல்ட் என்ற வார்ப்பிரும்புத் துண்டு. அதற்குப் பதிலாகக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டிப் பூட்டுவதுதான் ஹெடர்.

பொனட்டைத் திறந்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நான்கு குழாய்களும் வந்து சேரும் இடத்தில், வெல்டிங் தையலை ஒட்டி, என் கட்டைவிரல் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. டர்போ ஒரு பக்கம் சரிந்திருந்தது. சரிந்த டர்போ தனக்கு மேலிருந்து வரும் எண்ணெய்க் குழாயை இழுத்திருக்கிறது, குழாயின் இணைப்பு விட்டுக்கொடுத்துவிட்டது. அழுத்தத்தோடு பீறிட்ட எண்ணெய் தணலாகச் சூடேறிய டர்பைன் கூட்டின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலை அந்த டர்போவை இன்ஜின் உடலோடு சேர்த்துப் பிடித்துவைக்க ஓர் இரும்புத் தாங்கி கொடுத்திருக்கிறது. அது எங்கே என்று கேட்டேன். புதிய ஹெடருக்குப் பொருந்தவில்லை என்று பூட்டியவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டார்களாம். டிக்கியைத் திறந்து, பழைய துணியில் சுற்றியிருந்த தாங்கியை எடுத்துக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தை அந்தப் பிள்ளையிடம் காட்ட மனம் வரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இந்த வருடம் இது நான்காவது வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, தகப்பன்மார் மூலையில் போட்டிருந்த பழைய டர்போ வண்டிகளுக்கெல்லாம் மறுபடியும் மதிப்பு வந்தது. செலிகா, ஸ்டார்லெட், சுப்ரா, ஸ்கைலைன் என்று ஒவ்வொன்றாகத் தூசு தட்டி எடுத்தார்கள். எடுத்தது நல்ல காரியம். எடுத்தவுடன் முதல் வேலையாக வார்ப்பிரும்பு மேனிபோல்டைக் கழற்றி எறிவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கம்பனி செலவைக் குறைக்கத்தான் இரும்பில் வார்த்திருக்கிறான். அது மூச்சை அடைக்கிறது. பளபளப்பான பெரிய குழாய் போட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும்." இந்த வசனத்தை நான் எத்தனை வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. தயவுசெய்து இதைச் சொல்வதை நிறுத்துங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் நீளமான, சம நீளக் குழாய்களால் பலன் உண்டு. ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகையின் அலை குழாய் வழியே போய்த் திரும்பும்போது, அடுத்த சுற்றுப் புகையை இழுத்தெடுக்க உதவுகிறது. குழாயின் நீளத்தையும் அகலத்தையும் கணக்கிட்டு வைத்தால் அந்த இழுவை சரியான வேகத்தில் கிடைக்கும். டர்போ இன்ஜினில் புகை போகும் வழியின் நடுவே டர்பைன் சக்கரம் நிற்கிறது. மேனிபோல்டுக்குள் எப்போதும் அழுத்தம் இருக்கிறது. அங்கே நாம் புகையை "விடுவிக்க" முயலவில்லை, அதன் சூட்டையும் வேகத்தையும் கொண்டு சக்கரத்தைச் சுழற்ற முயல்கிறோம். வழியில் இழக்கும் ஒவ்வொரு பாகை சூடும் டர்போவுக்குக் கிடைக்காமல் போகும் சக்தி. பெரிய, நீளமான, மெல்லிய குழாயில் புகை விரிந்து, குளிர்ந்து, வேகம் இழந்து டர்போவை அடைகிறது. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், பிந்தி வருகிறது. பொரளைச் சந்தியிலும் பேஸ்லைன் வீதியிலும் வண்டி முன்பைவிட மந்தமாகப் போவதன் காரணம் இதுதான். சத்தம் மட்டும் கூடியிருக்கும். சத்தத்தைப் பலம் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

குட்டையான, தடித்த, சூட்டைத் தாங்கும் அந்த வார்ப்பிரும்புத் துண்டு யாரோ சோம்பேறித்தனமாகச் செய்தது அல்ல. செலிகாவின் 1998 சிசி 3எஸ்-ஜி.டி.இ. இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் விற்ற 185 வகை வண்டியில் அது 225 குதிரைவலு கொடுத்தது. அதிலுள்ள சி.டி. 26 டர்போவின் வாய் நடுவே சுவர் வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றாம், நான்காம் சிலிண்டர்களின் புகை ஒரு பக்கமாகவும், இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை மறுபக்கமாகவும் போகும்படி மேனிபோல்டை வார்த்திருக்கிறார்கள். இதனால் ஒரு சிலிண்டர் தள்ளும் புகை, அப்போதுதான் வால்வு மூடப்போகும் இன்னொரு சிலிண்டருக்குள் திரும்பிப் போவதில்லை. இந்தத் தம்பியின் ஹெடரில் நான்கு குழாய்களும் ஒரே ஓட்டைக்குள் வந்து விழுகின்றன. டொயோட்டாவின் பொறியியலாளர்கள் பாடுபட்டுப் பிரித்து வைத்ததை, கண்ணுக்கு அழகான ஒரு துண்டு ஒரே பிற்பகலில் ஒன்றாக்கிவிட்டது.

1992, 1993, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலக ரலி சாரதிப் பட்டத்தை வென்றவர்கள் ஓட்டியது இதே 185 வகை செலிகாவைத்தான். அதைச் சொல்லி என்னிடம் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். போட்டி வண்டிக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நிற்கும். போட்டி முடிந்ததும் பிரித்துப் பார்த்து, ஐயம் வந்த துண்டை மாற்றிவிடுவார்கள். நீங்கள் வெள்ளவத்தையிலிருந்து வேலைக்குப் போகிறீர்கள். வண்டியின் அடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறைகூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நல்ல ஹெடர் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய டர்போ போட்டு, இன்ஜின் கணினியை மறுபடி டியூன் செய்து, அதிக சுழற்சியில் ஓட்டுவதற்கென்றே கட்டும் இன்ஜினுக்கு அது தேவைப்படும். சொந்த டர்போவோடு வீதியில் ஓடும் வண்டிக்கு, டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயை ஒழுங்காகச் செய்தாலே பெரும்பகுதிப் பலன் கிடைத்துவிடும். அதைச் செய்தாலும் பூஸ்ட் மீற்றரைக் கவனியுங்கள். பின்வழி இலகுவானதும், மிகுதிப் புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு சமாளிக்க முடியாமல், சுழற்சி கூடக் கூட பூஸ்ட் தானாக ஏறும் வண்டிகள் உண்டு. அந்த நிலையில் 92 ஒக்டேன் பெற்றோல் அடித்து ஓட்டினால் பிஸ்டன் உடையும். 95 அடித்தாலும், டியூன் இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

இனி, இதையெல்லாம் கேட்ட பிறகும் ஹெடர் வேண்டும் என்கிறவர்களுக்கு.

தடிப்பைக் கேளுங்கள். ஒன்றரை மில்லிமீற்றர்த் தகட்டுக் குழாய் டர்போவைச் சுமக்காது. வெல்டிங் செய்பவர்கள் "ஷெடியூல் 10" என்று சொல்லும் வகையில், ஒன்றரை அங்குலக் குழாயின் சுவர் 2.77 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். என்ன உலோகம் என்றும் கேளுங்கள். 304 ஸ்டெயின்லெஸ்தான் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் சுமார் 425 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் நீண்ட நேரம் இருந்தால், அதிலுள்ள குரோமியம் காபனோடு சேர்ந்து உலோக மணிகளின் ஓரங்களில் ஒதுங்கிவிடும், வெல்டிங் ஓரம் பலவீனமாகும். டர்போ மேனிபோல்ட் ஓடுவது அநேகமாக அந்த வெப்பநிலையில்தான். டைட்டேனியம் கலந்த 321 இதற்கென்றே இருக்கிறது. விலை கூடத்தான். அந்த விலை கொடுக்க முடியாவிட்டால் வார்ப்பிரும்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் அதிகம் நீளும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 40 சென்ரிமீற்றர்த் துண்டு 700 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். வார்ப்பிரும்பு மூன்றரை மில்லிமீற்றர் அளவில் நின்றுவிடும். குழாய்கள் பூட்டப்படும் அலுமினிய ஹெட், அதாவது இன்ஜினின் மேற்பகுதி, தண்ணீரால் குளிரூட்டப்படுவதால் அவ்வளவு நீளாது. நீள வழியில்லாத குழாய் வெடிக்கும், அல்லது அதை ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் ஆணியை முறிக்கும். ஓரங்களிலுள்ள ஸ்டட் துளைகள் சற்று நீள்வட்டமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நட்டுகளை வரம்பு மீறி இறுக்காதீர்கள். பழைய ஸ்டட்டைக் கழற்றும்போது முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டை எடுக்க நான் ஒரு முழுநாள் குனிந்து நின்றிருக்கிறேன்.

வெல்டிங்கின் உட்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். டோர்ச் வெளிச்சம் அடித்தால் போதும். ஸ்டெயின்லெஸ் குழாயை வெல்டிங் செய்யும்போது உள்ளேயும் ஆகன் வாயு ஓட விட வேண்டும். விடாவிட்டால் உட்பக்கம் தீய்ந்த சீனிப்பாகு உறைந்ததுபோல் கறுத்து, பொரிந்து நிற்கும். இந்தத் தம்பியின் ஹெடருக்குள் விரலை விட்டுத் தடவினேன். பொருக்குகள் கையோடு வந்தன. அதே பொருக்குகள் டர்பைன் இதழ்களின் விளிம்பைக் கொத்தியிருந்தன. பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த வெல்டிங் நானா ஒருவர் இருக்கிறார். ஆகன் சிலிண்டர் முடிந்துவிட்டால் வாடிக்கையாளரை நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

குழாயில் சூடு தாங்கும் துணி சுற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றினால் சூடு வெளியே போகாது, உண்மை. போகாத சூடு குழாயின் உடம்பிலேயே நிற்கும், வெடிப்பு விரைவாக வரும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தையும் மழைத்தண்ணீரையும் துணி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடியில் வெடிப்பு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. துணிக்குப் பதிலாகத் தகட்டுக் கவசம் போடுங்கள். பிரேக் குழாய், பெற்றோல் குழாய், வயர்க் கட்டு ஆகியவை அருகில் இருந்தால் விலக்கிக் கட்டுங்கள்.

நான்கு வண்டிகளில் ஒன்றின் சொந்தக்காரர் தலைவலி என்று இரண்டு முறை வைத்தியரிடம் போயிருக்கிறார். ஹெடர் இணைப்பை அடைத்து வைக்கும் கேஸ்கட் ஊதிப் புகை பொனட்டுக்குள் நிரம்பி, காற்று வரும் துவாரம் வழியாக உள்ளே போயிருக்கிறது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாகன நெரிசலில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிறோம், பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். ஹெடர் போட்ட வண்டியில் குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது "டிக் டிக்" என்று சத்தம் கேட்டால், அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். புகைப் பரிசோதனையில் தேறிவிட்டதே என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். அங்கே அளப்பது வால்குழாயில் வருவதை மட்டும்தான்.

பூட்டிய பிறகு சில தடவை சூடேறி ஆறியதும், குளிர்ந்த நிலையில் நட்டுகளை மறுபடி பாருங்கள். பிறகு மாதம் ஒருமுறை டோர்ச் அடித்து வெல்டிங் தையல்களைப் பாருங்கள். தாங்கி பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால், பொருந்தும்படி புதிதாகச் செய்து தரச் சொல்லுங்கள். செய்து தரமாட்டேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உலர்பொடித் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்று சாரதி இருக்கைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீ என்று தெரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். இன்ஜின் நின்றால்தான் எண்ணெய்ப் பம்ப் நிற்கும், அதுவரை அது தீக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். எல்லோரையும் இறக்கித் தூரப் போகச் சொல்லுங்கள். பொனட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்றுப் பட்டால் தீ எழும்பி முகத்தில் அடிக்கும். கொக்கியை மட்டும் விடுவித்து இடுக்கு வழியாக அடியுங்கள். அடங்காவிட்டால் விட்டுவிட்டு 110ஐ அழையுங்கள். அந்தத் தம்பி இன்ஜினை உடனே நிறுத்தினார், அம்மாவை முதலில் இறக்கினார். அதனால்தான் இருவரும் காயமில்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

ஒரே ஒரு கெஞ்சல். கழற்றிய மேனிபோல்டைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். இந்த வண்டிகளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நல்ல மேனிபோல்ட் தேடினால் கிடைப்பது அரிது. உங்களுடையதில் வெடிப்பு இருந்தாலும், முன்கூட்டியே சூடாக்கி நிக்கல் கம்பியால் ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் பூசி, சாக்கில் சுற்றி வீட்டில் வையுங்கள்.

இந்தத் தம்பி தன்னுடையதைக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டார். மூன்று வாரம் பஞ்சிகாவத்தையில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினேன். நேற்றுத்தான் ஒன்று கிடைத்தது. நேர்விளிம்பு வைத்துப் பார்த்ததில் முகம் சற்று வளைந்திருக்கிறது, சீவுவதற்குக் கொடுத்திருக்கிறேன். மாலையில் அவர் வந்து பார்த்தார். போகும்போது டிக்கியில் இருந்த தாங்கியை, அதே துணியோடு, என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.