காபித் தோலில் கால் ஊன்றும் உலோகம்

சேர்வராயன் மலையில் பறிக்கும் காபிப் பழத்தைப் பல்ப்பரில் (பழத்தின் தோலையும் சதையையும் உரிக்கும் இயந்திரம்) விட்டால் கொட்டை ஒரு பக்கம் விழும். தோலும் சதையும் மறுபக்கம் குவியும். பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தக் கழிவுதான். கீழே சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பிக்காவது மாட்டுத் தீவனமாக ஒரு விலை உண்டு. காபித் தோலுக்கு எருக்குழிதான் கதி. அதைக் கரியாக்கினால் ஹைட்ரஜன் தயாரிப்பில் ஒரு வேலை கொடுக்கலாம்.

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8 வோல்ட் அளவுக்கு ஏறிவிடுகிறது. இந்த உபரியைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. ஹைட்ரஜன் வெளிவரும் எதிர்மின்வாயில் பிளாட்டினம் கெட்டிக்காரன். விலைதான் கையைச் சுடும். வினை நடப்பது உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே என்பதால் உள்ளே புதைந்த அணுக்கள் வீண். ஆகவே 2 முதல் 5 நானோமீட்டர் வரையிலான துகள்களாக்குகிறார்கள். கிளறாமல் விட்ட ஜவ்வரிசிபோல அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளப் பார்க்கும். அவற்றைத் தள்ளித் தள்ளி நிறுத்தவும் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கவும் ஒரு தாங்கி வேண்டும். கார்பன் அதற்குப் பொருத்தமானது.

உலர்ந்த தோலைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் கரி கிடைக்கும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து 700, 800 டிகிரி செல்சியஸில் வைத்தால், அந்தக் காரம் கார்பனை அரித்துத் துளைகள் போடுகிறது. விடுபடும் பொட்டாசியம் ஆவியாகிக் கார்பன் அடுக்குகளுக்கிடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. ஒரு கிராம் கரியின் மேற்பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டும். அதாவது கால் ஏக்கர்.

இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைக்குள் உலோகத் துகளே நுழையாது. 2 முதல் 50 நானோமீட்டர் வரையிலான துளைகள் எத்தனை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காபிக்கு இன்னொரு சாதகம், தோலில் உள்ள புரதமும் காஃபினும் தரும் நைட்ரஜன். சூட்டில் பெரும்பகுதி போய்விட்டாலும் கரியில் தங்கும் சில நைட்ரஜன் அணுக்கள் உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. மாலிப்டினம் என்ற உலோகத்தின் உப்பில் ஊறவைத்துச் சுட்டால் கரியே அதனுடன் சேர்ந்து மாலிப்டினம் கார்பைடு ஆகும். அது மலிவானது, ஆனால் பிளாட்டினத்துக்கு ஒரு படி கீழே.

ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்வாயில் இந்தக் கரி நிலைக்காது. அங்குள்ள மின்னழுத்தத்தில் கார்பனே ஆக்சிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடாகக் கரைந்துபோகும். இரு முனையிலும் தாவரக் கரி என்று யாராவது மார்தட்டினால், எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று கேட்பது நல்லது. மின்னழுத்த இழப்பில் பெரும்பங்கு நேர்மின்வாயில்தான் என்பதால், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் செலவாகும் சுமார் 50 யூனிட் மின்சாரம் இந்தக் கரியால் பெரிதாகக் குறையாது, மிச்சமாவது பிளாட்டினம்.

கரியில் தங்கிய பொட்டாசியத்தைக் கழுவி நீக்கும் நீரையும் மறக்கக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் அதில் பொட்டாசியம் குளோரைடு கரைந்து வரும். காபித் தோட்டங்கள் உரமாக விலைகொடுத்து வாங்கும் பொட்டாஷ் அதுவே. அதைப் பிரித்தெடுக்கும் செலவையும் சேர்த்துத்தான் இந்தக் கரிக்கு விலை போட வேண்டும்.