கழுத்துச் சிரையில் ஒரு கட்டி

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். எழுந்து நின்ற சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுவதுதான் காரணம். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை அறிந்து இதயத் துடிப்பைக் கூட்டி, ரத்தக் குழாய்களைச் சுருக்கவைக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலேற்றுகின்றன. புவியீர்ப்போடு இப்படி ஓயாமல் மல்லுக்கட்டியே நம் ரத்த ஓட்டம் பழகியிருக்கிறது.

விண்வெளி நிலையம் பறக்கும் 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையமும் வீரர்களும் பூமியைச் சுற்றியபடி சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. ரத்தத்தைக் கீழே இழுக்க எதுவும் இல்லை. கால்களின் திரவம் தலைப்பக்கம் நகர, முகம் உப்பி, கால்கள் மெலிந்து, மூக்கு அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்துவிடுகிறது. பூமிக்குத் திரும்பியதும் பலர் நிற்கத் தள்ளாடுவது இதனால்தான்.

என்னை அதிகம் உலுக்கியது கழுத்துச் சிரையின் கதை. நாம் நிற்கும்போது தலையின் ரத்தம் தானாகவே வடிந்துவிடுவதால் அந்தச் சிரை தட்டையாகக் கிடக்கும். விண்வெளியில் அது புடைத்தே இருக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வில், 11 வீரர்களில் 6 பேருக்கு அந்தச் சிரையில் ரத்தம் தேங்கி நின்றது அல்லது பின்னோக்கி ஓடியது. ஆய்வுக்காக ஸ்கேன் எடுத்தபோது, எந்த வலியும் இல்லாத ஒருவரின் இடது கழுத்துச் சிரையில் ரத்தக் கட்டி தெரிந்தது. அது நுரையீரலுக்கு நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து; அவசர சிகிச்சைக்கு மருத்துவமனையும் அங்கே இல்லை. பூமியிலிருந்த மருத்துவர்கள் வழிகாட்ட, நிலையத்தில் இருந்த சொற்ப ஊசி மருந்தைக் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொண்டார். பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரைகள் வந்தன. 90 நாட்களுக்கு மேல் மருந்து எடுத்தும், கட்டி சுருங்கியதே தவிர, அந்தச் சிரையில் ரத்தம் தானாக ஓடவில்லை.

தரையிறங்கியபோது எஞ்சிய கட்டி சிரையின் சுவரோடு ஒட்டித் தட்டையாகியிருந்தது. மேற்கொண்டு மருந்து தேவைப்படவில்லை. பத்து நாட்களில் அது மறைந்துபோயிருந்தது.