கூழாங்கல் பாதையும் பொரி உருண்டைப் பாகும்

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் ஆலயச் செயலாளர் போன வாரம் கேட்ட கேள்வி இது. ஆலயத்தைச் சுற்றி வரும் பாதையில் மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. கூழாங்கல்லை ரெசினில், அதாவது இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பசையில், பிசைந்து பரப்பினால் தண்ணீர் கல்லுக்கு இடையிலேயே இறங்கிவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். பாதை 4 அடி அகலம், 60 அடி நீளம். "எத்தனை கிலோ ரெசின் வாங்குவது? கடைக்காரர் எபோக்சி என்ற வகை ரெசினே போதும் என்கிறார். கமிட்டியில் ஒருவர், கூட ஊற்றினால் கூடப் பிடிக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதும் சரியில்லை. அதைச் சொல்லும் முன் கல் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். 240 சதுர அடி என்பது சுமார் 22 சதுர மீட்டர். மனிதர் மட்டும் நடக்கும் பாதைக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள கல் நன்றாக இருக்கும். பரப்பும் அடுக்கின் தடிமன் பெரிய கல்லைப் போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது வழக்கம். அதற்கு ஓர் அங்குலம் போதும். கன அளவு ஏறக்குறைய 0.56 கன மீட்டர். ஒரு கன மீட்டர் கல் சுமார் 1,550 கிலோ எடை வரும். ஆக 860 கிலோ கல்.

இனி ரெசின். "100 கிலோ கல்லுக்கு இத்தனை கிலோ" என்ற கணக்கைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ரெசினுக்குக் கல்லின் எடை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மேற்பரப்புதான். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கற்களாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கல்லின் மேற்பரப்பு 0.38 சதுர மீட்டர் வருகிறது. 860 கிலோவுக்கு 325 சதுர மீட்டருக்கும் மேல். ஒரு பேட்மிண்டன் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். அதாவது, 22 சதுர மீட்டர் பாதைக்குள் நான்கு பேட்மிண்டன் ஆடுகளங்கள் சுருண்டு கிடக்கின்றன! அத்தனையின் மேலும் ஒரு தாளின் தடிமனுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு, ரெசின் பூச வேண்டும். 33 லிட்டர் ஆகிறது. எடையில் 36 கிலோ. உண்மையான கல் உருண்டையாக இருக்காது, வாளியிலும் கொஞ்சம் ஒட்டிப் போகும், கல்லுக்குக் கல் சேரும் இடத்தில் கூடுதலாகப் பிடிக்கும். எனவே கல்லின் எடையில் 5 முதல் 6 சதவீதம், 43 முதல் 52 கிலோ வரை, என்று வாங்குங்கள். 3 மில்லிமீட்டர் கல்லுக்கு மாறினால் ஆடுகளம் எட்டாகிவிடும், ரெசினும் கூடும். நிரவலுக்கு மணல் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். ஓர் ஊரில் சரியாக வந்த அளவு இன்னோர் ஊரில் பொய்த்துப் போவது இதனால்தான்.

சரி, "கூட ஊற்றினால் கூடப் பிடிக்கும்" என்ற பேச்சுக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொரியைப் பாகில் முக்கி எடுப்பதில்லை. அளவாகப் பாகு விட்டுக் கிளறுகிறோம். உருண்டையை உடைத்துப் பார்த்தால் பொரிக்கு நடுவே காற்றுதான் அதிகம். பாகு, பொரியும் பொரியும் தொடும் இடங்களில் மட்டும் கட்டிப் பிடித்திருக்கும். அந்த இடத்துக்குப் போ என்று பாகுக்கு யார் சொன்னது?

பரப்பு இழுவிசைதான். ரெசின் பூசிய இரண்டு கற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தைச் சுற்றி ஒரு குறுகலான இடுக்கு இருக்கிறது. கல்லின் மேல் உள்ள ரெசின் படலம் வெளிப்பக்கமாகப் புடைத்த வளைவு. இடுக்கில் நிற்கும் ரெசினோ உள்பக்கமாகக் குழிந்த வளைவு. உடுக்கையின் இடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். புடைத்த வளைவுக்கு உள்ளே திரவத்தின் அழுத்தம் சற்றுக் கூடும், குழிந்த வளைவுக்கு உள்ளே குறையும். 1805 வாக்கில் தாமஸ் யங், லாப்லாஸ் என்ற அறிவியலாளர்கள் கண்டு சொன்ன விதி இது. திரவம் எப்போதும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தானே ஓடும்? எனவே கல்லின் முதுகில் இருக்கும் ரெசின் தானாகவே ஊர்ந்து இடுக்குக்குப் போய்ச் சேருகிறது. பலம் எங்கே தேவையோ அங்கே பசை. தண்ணீர் எங்கே போக வேண்டுமோ அங்கே வெற்றிடம். எந்தப் பணியாளும் ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே தூரிகை விட்டுப் பூச முடியாது. இயற்பியல் கூலி வாங்காமல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஈர மணலில் வீடு கட்ட முடிவதும் இதே விசையால்தான். அங்கே தண்ணீர் காய்ந்தால் வீடு சரியும், இங்கே ரெசின் இறுகி நிலைத்துவிடும்.

இந்த விசைக்கு ஓர் எல்லை உண்டு. குறுகிய இடுக்கில் அது புவியீர்ப்பை வெல்லும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற துவாரங்களில் ரெசின் கூடிவிட்டால் புவியீர்ப்பின் கை ஓங்கும். மீந்த ரெசின் மெல்ல வடிந்து, அடியில் தேங்கி, அப்படியே இறுகும். மேலே பார்த்தால் அழகான கூழாங்கல். அடியில் பிளாஸ்டிக் தட்டு. தண்ணீர் எங்கே இறங்கும்?

எந்த ரெசின் என்பது அடுத்தது. எபோக்சி நன்றாகப் பிடிக்கும், விலையும் தோதாக இருக்கும். ஆனால் வழக்கமான எபோக்சியின் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. அவை வெயிலின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைந்து, மஞ்சளாகும். கூரைக்குக் கீழே பரவாயில்லை. நம் வெயிலில் வெள்ளைக் கல் தே தாரிக் நிறத்துக்கு வந்துவிடும். திறந்த வெளிக்கு, அந்த வளையம் இல்லாத அலிபாட்டிக் பாலியூரித்தேன் என்ற ரெசினை வாங்குங்கள். வெறுமனே பாலியூரித்தேன் என்று கேட்டால் போதாது. அரோமாட்டிக் வகையிலும் அதே வளையம் உண்டு, அதுவும் மஞ்சளாகும்.

பாலியூரித்தேனுக்கு வேறொரு சங்கடம். அதில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. தண்ணீரோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும். ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் முழுவதும் வினைபுரிந்தால் 20 லிட்டர் வாயு! இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு முன்வாசலுக்குக் கல்லைக் கழுவி, ஒரே இரவு உலர்த்தி, காலையில் பிசைந்தேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மதியத்துக்குள் ஓரமெல்லாம் வெள்ளை நுரை, சோப்புத் தண்ணீர் கொட்டியது போல. என் மனைவி இன்றும் அதைத் தாண்டும்போது ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். கழுவிய கல்லைத் தகரக் கூரையின் கீழ் மெல்லியதாகப் பரப்பி, நாள் கணக்கில் உலரவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடிமழை கொட்டும் ஊர் நமது. காலையிலேயே வேலையைத் தொடங்கி, மேலே கூடாரம் போட்டுவிடுங்கள்.

டின்னில் எழுதியிருக்கும் கலவை நேரம், அதாவது கலந்த ரெசின் இறுகும் முன் கிடைக்கும் நேரம், பெரும்பாலும் 20 அல்லது 25 பாகை செல்சியஸுக்கு உரியது. பத்துப் பாகை கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 33 பாகை வெயிலில் அரை மணி நேரம் என்றிருப்பது பாதிக்குப் பக்கமாகச் சுருங்கும். சிறு சிறு அளவாகக் கலக்குங்கள், ரெசின், அதை இறுக்கும் திரவம் என்ற இரண்டு பாகங்களையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஐசோசயனேட் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவையே கொண்டுவரும்.

ரெசின் டிரம்களைப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஆதங்கம். 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்று இன்னும் கோலகங்சாரில் நிற்கிறது. பின்னாளில் நம் மாநிலத்தில் மரத்திலிருந்தே ரப்பர் என்ற பாலிமரை வடித்து வந்திருக்கிறோம். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. செம்பனை எண்ணெயிலிருந்து பாலியூரித்தேனின் மூலப்பொருளான பாலியோலைச் செய்யலாம் என்று மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வருகிறார்கள். ஆனாலும் நான் வாங்கிய ரெசின் கப்பலில் வந்ததுதான். ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அங்கிருந்து ஹார்ட்வேர் கடை வரையுள்ள பாதைக்கும் கொடுக்கலாம்.

செயலாளர் கடைசியில் ஒன்று சேர்த்திருந்தார்: கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடந்தால் இனிப்புநீர், அதாவது நீரிழிவு, குறையுமாம். உள்ளங்காலில் கணையத்துக்குப் பொத்தான் எதுவும் இல்லை, ஐயா. நடந்தால் நல்லது, அது சிமெண்டில் நடந்தாலும் நல்லது. மாறாக, இனிப்புநீரால் கால் மரத்தவர்களுக்கு மதிய வெயிலில் சுட்ட கல் கொப்புளம் போட்டாலும் தெரியாது. கறுப்புக் கல் வேண்டாம், வெளிர் நிறமாக எடுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் விட முக்கியம். பழைய சிமெண்டுத் தரையின் மேலேயே பரப்பப் போகிறீர்களா? ஓர் அங்குலக் கல் அடுக்கின் வெற்றிடம், சதுர மீட்டருக்குச் சுமார் 8 லிட்டர் தண்ணீரைத்தான் கொள்ளும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் ஐந்து நிமிடத்தில் அது நிரம்பும். சிமெண்டுக்கு லொங்காங் (வடிகால்) பக்கம் சரிவும், ஓரத்தில் வழியும் இல்லாவிட்டால் பழைய குட்டையே கல்லுக்குள் ஒளிந்திருக்கும், ஏடிஸ் கொசுவும் தேடி வரும். சிமெண்டை உடைத்து, கீழே தூள் கலக்காத பெருங்கல் போட முடிந்தால் இன்னும் நல்லது.

முழுப் பணத்தையும் கொட்டும் முன் ஒரு மைலோ டின் எடுத்து அடியில் பத்துத் துளை போடுங்கள். ஒரு கிலோ காய்ந்த கல், 55 கிராம் ரெசின். கலந்து, டின்னில் அமுக்கி, இரண்டு நாள் விடுங்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்புறம் டின்னை வெட்டி, கட்டியைச் சுத்தியலால் உடைத்து, பூதக்கண்ணாடியில் கல் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். அங்கே கண்ணாடி போல் சின்னச் சின்ன உடுக்கை இடுப்புகள் தெரிந்தால் அளவு சரி. அடியில் ரெசின் தட்டுக் கட்டியிருந்தால் ஐந்து கிராம் குறைத்து இன்னொரு டின் எடுங்கள்.