பிளேடைத் தின்னும் பிளாஸ்டிக்

“உடைந்த குடம், பக்கெட், நாற்காலி எல்லாம் அரைக்கிற பட்டறை எங்களுடையது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக்கை ஆணியால் கீறினாலே கோடு விழுகிறது. பிளேடிலோ அரம் போட்டாலும் வழுக்குகிறது. மெத்தென்று இருப்பது கெட்டியானதை எப்படி சார் தேய்க்கும்?” கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நான்கு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கேட்டலாக்கில் கிராணுலேட்டர் என்று போட்டிருந்தாலும் பட்டறையில் அது கிரைண்டர்தான். உள்ளே ரோட்டார் என்ற சுழலும் உருளை, அதில் மூன்று பிளேடு அல்லது அதற்கு மேல். கூட்டின் இரு பக்கமும் அசையாத பிளேடு இரண்டு, அடியில் ஜாலி. ஜாலித் துளையில் நுழையும் அளவுக்குச் சிறிதாகும்வரை ஒவ்வொரு துண்டும் திரும்பத் திரும்ப வெட்டுப்படும். மோட்டார் வைத்த கத்தரிக்கோல், அவ்வளவுதான். ரோட்டார் நிமிடத்துக்கு 500 சுற்று என்றால், சுற்றும் பிளேடு ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரம் முறை அசையாத பிளேடைக் கடக்கிறது. எட்டு மணி நேர ஷிப்டில் 4,80,000 முறை.

இனி கேள்விக்கு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு தேய்த்த கல்லை நான் பார்த்ததில்லை, கயிறு தேய்த்த கல்லைப் பார்த்திருக்கிறேன். பாட்டி ஊர்க் கிணற்றின் விளிம்புக் கல்லில் வரிசையாகப் பள்ளங்கள், விரலை வைத்தால் புதையும். தேங்காய் நாருக்குக் கருங்கல்லைத் தேய்க்கும் கெட்டி ஏது? தரையில் புரண்ட ஈரக் கயிறு மணலை அள்ளிக்கொண்டு கல்லின் மேல் ஏறும். தேய்த்தது மணல். கயிறு அதை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டது.

வைரம் பட்டை தீட்டுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சுழலும் வார்ப்பிரும்புத் தட்டில் எண்ணெயில் குழைத்த வைரத் தூளைத் தடவுவார்கள். வைரத்தோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு மெத்து. அதனால் தூள் அதில் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த தூள், மேலே அழுத்திப் பிடித்த வைரத்தை அறுக்கும். பிடித்துக்கொள்கிறவன் மெத்தாக இருப்பதே அங்கே வசதி.

உங்கள் பட்டறையில் அந்தக் கயிறு, பழைய குடம். தெருவிலிருந்து வந்த குடத்தில் மண் ஒட்டியிருக்கும். மண் இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே துகள் உண்டு. வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு, இன்ஜினியரிங் நைலானில் பல சமயம் 30 சதவீதம் கண்ணாடி இழை. விக்கர்ஸ் என்ற கடினத்தன்மை அளவில் பார்த்தால், பதம் ஏற்றிய பிளேடு சுமார் 700, மணலில் உள்ள குவார்ட்ஸ் சுமார் 1,100. மணல் ஜெயிப்பதில் ஆச்சரியமில்லை. கண்ணாடி பிளேடைவிட மெத்துதான், சுமார் 550. ஆனால் லட்சக்கணக்கான முறை ஒரே விளிம்பில் மோதினால் அதுவும் மெல்ல மெல்ல அரிக்கும்.

அப்படியானால் பிளேடு ஒரே நாளில் போயிருக்க வேண்டாமா? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. நல்ல பிளேடுகள் பெரும்பாலும் டி2 என்ற எஃகில் செய்யப்படுகின்றன. சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். இரண்டும் சேர்ந்து எஃகுக்குள் குரோமியம் கார்பைடு மணிகளாகத் திரண்டுவிடும். அவற்றின் கடினத்தன்மை 1,500க்கு மேல், மணலால் தொட முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பிளேடு ஒரு கடலைமிட்டாய். எஃகு வெல்லப்பாகு, கார்பைடு கடலை. மணல் வந்து பாகை நக்கிக்கொண்டே போகும், கடலை அசையாது. பாகு இறங்க இறங்கக் கடலைகள் மேலே துருத்தி நிற்கும். துருத்தி நிற்கும் மணிகளே மணலைத் தடுத்து, பின்னால் இருக்கும் பாகைக் கொஞ்ச காலம் காப்பாற்றும். கடைசியில் சுற்றிலும் பிடிமானம் போய், மணி பெயர்ந்து விழும். அது இருந்த இடத்தில் ஒரு குழி. விளிம்பு மழுங்குவது என்றால் இப்படி ஆயிரக்கணக்கான கடலை உதிர்ந்த கதை.

கடலையைக் கூட்டினால் பிளேடு நீடிக்கும், ஆனால் சீக்கிரம் உடையும். குடத்துக்குள் ஒளிந்து வரும் ஒரு போல்ட் போதும்.

உராய்வையும் தேய்மானத்தையும் ஆராயும் துறைக்கு டிரைபாலஜி என்று பெயர். பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு 1966இல் பிரிட்டன் அரசுக்குத் தந்த அறிக்கையால் பரவிய சொல் அது. உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். நம் ஊரில் பழைய பக்கெட்டில் ஒட்டிய மண் பிளேடை எப்படித் தின்கிறது என்று ஆராய்வதற்கு யாராவது நிதி கேட்டால் சிரிப்பார்கள் என்பது என் எண்ணம். தலைப்பில் நானோ என்று ஒரு வார்த்தையைச் செருகினால் ஒருவேளை கிடைக்கலாம்.

மழுங்கிய பிளேடு வெட்டாது, பிய்க்கும். வெட்டுக்குப் போக வேண்டிய சக்தி சூடாக மாறும். பாலித்தீன் இளகி ஜாலியை அடைக்கும், தூள் கூடும், ஆம்மீட்டர் முள் ஏறும். முள் ஏறியபிறகும் ஓட்டுகிறவர்கள் சாணைக்கூலியை மிச்சம்பிடித்து மின்கட்டணத்தில் கொட்டுகிறார்கள்.

மாற்றும்போது மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரோட்டாருக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். ஒரு பிளேடைத் திருப்பினால் அடுத்த பிளேடு விரலைத் தேடி வரும். பிளேடு உட்காரும் இடத்தில் ஒரு பொடி இருந்தாலும் பிளேடு சாய்ந்து நிற்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். சாணை பிடித்த பிளேடு அகலத்தில் குறைந்திருப்பதால் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். சுற்றும் பிளேடுக்கும் அசையாத பிளேடுக்கும் இடையே பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி, செய்தித்தாளை நான்காக மடித்த தடிப்பு. அதைவிட அகன்றால் மெல்லிய பை வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே நழுவிவிடும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒரு இடத்தில் விட்டுப் பார்த்தால் போதாது. ரோட்டாரைக் கையால் சுற்றி, ஒவ்வொரு பிளேடுக்கும் இரு முனையிலும் நடுவிலும் பாருங்கள்.

போல்ட் புதிதாக இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் ஓடும்போதே பிளேடு கழன்று கூட்டைக் கிழித்தது. மறுநாள் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள், இயந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டினார்கள். போல்டை எடுத்துப் பார்த்தேன். மரை நீண்டு, கழுத்து மெலிந்திருந்தது. போல்ட் என்பது ஸ்பிரிங் மாதிரி, இறுக்கும்போது நீண்டு, சுருங்கப் பார்க்கிற அந்த இழுவிசையால்தான் பிளேடைப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். அந்தப் போல்ட்டை நான்காவது முறையாகப் போட்டிருந்தார்கள். பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கூடவே முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் வாங்கியிருக்கலாம்.

எப்போது கழற்றுவது என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். தேதி வைத்துக்கொள்ள வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, பிளேடின் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்ப இடமே இல்லை, கறுப்பாகத்தான் தெரியும். மழுங்கியிருந்தால் நூல் இழைபோல ஒரு வெள்ளைக் கோடு மின்னும். சரக்கு அதிகம் விழுகிற நடுப்பகுதியில் அந்தக் கோடு தடித்தும், இரு ஓரங்களில் மெலிந்தும் இருக்கும்.