இடப்பக்கம் ஒட்டிய தேதியைப் பற்றிக் கவலை வேண்டாம்

“சார், பில் தேதியோட 45 நாள் கூட்ட எக்செல்ல என்ன ஃபார்முலா போடணும்?” சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணக்கு வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. காரணம் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை போன்ற சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான்.

கேட்டதும் ஃபார்முலாவைச் சொல்லிவிடாதீர்கள். முதலில் ஐந்து வரி டேட்டாவையும், அதற்கு என்ன விடை வரவேண்டும் என்று கையால் போட்ட கணக்கையும் கேளுங்கள். கோளாறு பெரும்பாலும் அந்த ஐந்து வரியிலேயே தெரிந்துவிடும்.

ஃபார்முலாவில் ஒன்றுமே இல்லை. செல்லோடு 45ஐக் கூட்டினால் போதும். எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1 என்றால் 1, 2024 ஏப்ரல் 5 என்றால் 45387. (லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் செய்த தவறை ஒட்டி, 1900இல் இல்லாத பிப்ரவரி 29ஐயும் எக்செல் எண்ணிக்கொள்கிறது. நம் பில்களுக்கு அதனால் பாதகம் இல்லை.)

சிக்கல் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் நாள் பிறகு என்று, இருக்கும்போதுதான். 17/04/2024 என்று அடித்தால், பதினேழாவது மாதம் ஏது? எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு செல்லின் இடப்பக்கம் ஒட்டிவிடும். 45ஐக் கூட்டினால் வேல்யூ எரர் காட்டும். இது நல்லது, கண்ணில் பட்டுவிடுகிறது. 05/04/2024 அப்படியில்லை. சமர்த்தாக வலப்பக்கம் போய் நிற்கும், ஆனால் அது மே 4 ஆகிவிட்டிருக்கும். மே 20 என்று வரவேண்டிய கெடு ஜூன் 18 என்று வரும். எரர் எதுவும் வராது, யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். செல்லை ஜெனரல் ஃபார்மேட்டுக்கு மாற்றிப் பாருங்கள்: 45387 இருக்கவேண்டிய இடத்தில் 45416 இருக்கும். அதனால் இடப்பக்கம் நிற்பதை மட்டும் திருத்திவிட்டு ஓயக்கூடாது. மூல ஃபைலை மறுபடி இம்போர்ட் செய்து, அந்தத் தேதி நெடுவரிசை (column) நாள்-மாதம்-வருடம் என்ற முறையில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுப்பதே நல்லது.

மாதக் கெடு என்றால் 30ஐக் கூட்டாதீர்கள், அதற்கு ஈடேட் (EDATE) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஜனவரி 31க்கு ஒரு மாதம் என்றால் பிப்ரவரியின் கடைசி நாளைத் தரும்.

அப்புறம் டேட்டாபேஸ். ஏப்ரல் விற்பனையை எடுக்க, ஏப்ரல் 1க்கும் 30க்கும் ‘பிட்வீன்’ (BETWEEN) என்று குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, எழுதுவார்கள். பில்லில் நேரமும் பதிவாகிறது என்றால், வெறும் 2024-04-30 என்பதற்கு அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்றே பொருள். காலையில் கடை திறந்ததிலிருந்து போட்ட பில்கள் அத்தனையும் கணக்கில் வராது. ‘ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின், மே 1க்கு முன்’ என்று எழுதுங்கள். பிப்ரவரிக்கு 28ஆ 29ஆ என்ற யோசனையும் மிச்சம். தேதி நெடுவரிசையை ‘மந்த்’ (MONTH) ஃபங்ஷனுக்குள் போட்டு 4க்குச் சமம் என்று எழுதுபவர்களும் உண்டு. அதில் போன வருட ஏப்ரலும் சேர்ந்தே வரும்; டேபிள் பெரிதாகிவிட்டால், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் உதவாமல் குவெரி இழுத்துக்கொண்டும் கிடக்கும்.